அரிக்கமேட்டு ஓடும் வில்லியனூர்ச் சக்கரமும்

நேயர்களுக்கு வணக்கம். கலை, அறிவியல், வரலாறு ஆகிய மூன்றையும் ஓர் அருங்காட்சியகம் தன் ஊர் மக்களோடு எப்படி இணைக்கிறது என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். புதுச்சேரியில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்கு நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், பழங்கால வணிகத் துறையின் எச்சமாக இருக்கும் அரிக்கமேடே போதும்.

1930களின் பிற்பகுதியில் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அந்த மேட்டைக் கவனித்ததற்குக் காரணமாக இருந்தவர்கள் அங்கே மணி பொறுக்கிய ஊர்ச் சிறுவர்கள். அவர்களிடமிருந்து அவர் மணிகளை விலைக்கு வாங்கினார். தலையுருவம் செதுக்கிய ஒரு கல் கிடைத்தபோது, அது உரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று கருதினார். பின்னர் 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அவருக்குப் பின் பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால், 1989 முதல் விமலா பெக்லி குழுவினர் எனப் பணி தொடர்ந்தது. ஆய்வாளர்களின் பெயர்கள் நூல்களில் நிற்கின்றன. மண்ணைக் கிளறிய அந்தப் பிள்ளைகளின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அங்கே கிடைத்த சிறு கண்ணாடி மணியைப் பாருங்கள். உருகிய கண்ணாடியை உள்ளே துளை இருக்கும்படியே நீளக் குழலாக இழுத்து, ஆறிய பின் துண்டு துண்டாக வெட்டி, மீண்டும் சூடேற்றி விளிம்பை மழுக்கினால் அந்த மணி உருவாகும். செம்பு எந்த நிலையில் கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதே கண்ணாடி சிவப்பாகவோ நீலப் பசுமையாகவோ மாறுகிறது. இது உலைக்களத்து வேதியியல். இவ்வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவின என்பது வணிக வரலாறு. அணிந்தவர் கழுத்தில் அது வெறும் அழகு. இந்த மூன்றையும் மூன்று அறைகளில் பிரித்து வைக்க முடியாது.

பானை ஓடுகள் இன்னும் ஆழமான பாடம் சொல்கின்றன. உட்புற அடிப்பகுதியில் வட்ட வட்டமாக நுண்புள்ளி வரிசைகள் கொண்ட ஒருவகைத் தட்டு அரிக்கமேட்டில் கிடைத்தது. அது உரோமிலிருந்து வந்தது என்றே முதலில் கருதினார்கள். பிற்காலத்தில் களிமண்ணின் கனிமங்களைச் சோதித்தபோது, அது இந்தியாவில் வனைந்தது என்று தெரிந்தது. ஆயினும் அந்தப் புள்ளிகளைப் பல் சக்கரம் உருட்டிப் பதித்தார்களா, சுழலும் தட்டின்மேல் வளையும் தகட்டைத் துள்ளவிட்டுப் பதித்தார்களா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இந்த இடத்தில்தான் அருங்காட்சியகம் ஊர்ப்பக்கம் திரும்ப வேண்டும் என்று நான் கருதுகிறேன். அரிக்கமேட்டுப் பொருள்களை வைத்திருக்கும் நம் புதுச்சேரி அருங்காட்சியகத்திலிருந்து சிறிது தொலைவிலேயே வில்லியனூர் இருக்கிறது. சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் அது. மண்ணின் ஈரமும் சக்கரத்தின் வேகமும் விரல் நுனியில் தெரிந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். அவர்களைப் பார்வையாளர்களாக மட்டும் வரவேற்காமல், அந்தப் பானை ஓட்டின் நகல் ஒன்றைக் கையில் கொடுத்து, "இது எப்படிச் செய்தது என்று உங்களுக்குத் தோன்றுகிறது?" என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அவர்கள் செய்து பார்ப்பது சோதனைச்சாலைக்கு ஒரு புதிய கேள்வியைக் கொடுக்கும்.

அதேபோல், அரிக்கமேட்டை ஒட்டிய காக்காயந்தோப்புப் பிள்ளைகள் மழைக்குப் பின் ஒரு மணியைக் கண்டெடுத்தால், அது எந்த இடத்தில், எந்த மண்ணோடு கிடந்தது என்று குறித்து ஒப்படைப்பதற்கு ஒரு சிறு ஏடும், அதை வாங்கி வைத்துப் பேசுவதற்கு ஒருவரும் அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும். கிடந்த இடம் தெரியாத மணி தன் வரலாற்றில் பாதியை இழந்துவிடுகிறது. இம்முறை, கண்டெடுத்த பிள்ளையின் பெயரையும் அந்த ஏட்டில் எழுதிவைப்போம். வணக்கம்.