நடு உறுப்பைப் பிடியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கூட்டுத் தொடர்வரிசைக் கணக்குகளைப் பற்றிப் பேசப் போகிறேன். கரும்பலகை இல்லாமல் வானொலியில் கணக்கா என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அது வசதிதான். பலகை இருந்தால் கை முதலில் சூத்திரத்தை எழுதிவிடும். அதன் பிறகு மூளைக்கு வேலை இருக்காது.

5, 8, 11, 14 என்று எண்கள் ஒரே அளவில் ஏறிக்கொண்டு போகின்றன. 5 முதல் உறுப்பு. ஒவ்வொரு முறையும் கூடுகிற 3 பொது வித்தியாசம். இறங்கிக்கொண்டு போனாலும் இதே கதைதான், வித்தியாசம் குறை எண்ணாக இருக்கும். இலக்கணம் இவ்வளவே.

தடுக்கி விழும் இடம் எண்ணிக்கை. கையை விரித்துப் பாருங்கள்: விரல்கள் ஐந்து, நடுவே உள்ள இடைவெளிகள் நான்கு. இருபதாவது உறுப்பு வேண்டுமென்றால் முதல் உறுப்பிலிருந்து பத்தொன்பது முறைதான் தாவ வேண்டும். குறிப்பிட்ட உறுப்பைக் கண்டுபிடிக்கும் சூத்திரத்தில் வரும் அந்த 'ஒன்று குறைவு' இதுதான். ஏழால் மீதியின்றி வகுபடும் மூன்று இலக்க எண்கள் எத்தனை? முதலாவது 105, கடைசி 994. இடையே உள்ள தூரம் 889. அதை ஏழால் வகுத்தால் 127 இடைவெளிகள். ஆகவே எண்கள் 128. இங்கே 127 என்று எழுதிவிட்டு எழுந்து போகிறவர்கள் நிறையப் பேர்.

ஏழாவது உறுப்பு 30, பதினைந்தாவது உறுப்பு 62 என்று கொடுத்தால், இரண்டு சமன்பாடுகளை எழுதித் தீர்ப்பது வழக்கம். தேவையே இல்லை. ஏழிலிருந்து பதினைந்துக்கு எட்டுத் தாவல், ஏறியது 32. ஒரு தாவலுக்கு 4. ஏழாவதிலிருந்து ஆறு தாவல் பின்னால் போனால் முதல் உறுப்பு 6.

இனிதான் நான் சொல்ல வந்தது. கூட்டுத் தொடர்வரிசையில் இரு ஓரங்களிலிருந்தும் சம தூரத்தில் உள்ள உறுப்புகளைக் கூட்டினால் எப்போதும் ஒரே தொகை வரும். அதனால் நடு உறுப்பே சராசரி. மொத்தம் என்பது நடு மதிப்பை எண்ணிக்கையால் பெருக்குவது, வேறொன்றுமில்லை. உறுப்புகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடுவே உள்ள இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். 499ஆம் ஆண்டைச் சேர்ந்த, ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயம் என்ற நூலும் முதலில் நடு மதிப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லி, அதை எண்ணிக்கையால் பெருக்கச் சொல்கிறது. முதலையும் கடைசியையும் கூட்டிப் பாதி எண்ணிக்கையால் பெருக்கும் வழி அதற்கு அடுத்தபடியாகத்தான் அங்கே வருகிறது. நம் வகுப்பறைகளில் இந்த வரிசை தலைகீழாகிப்போனது எனக்கு வருத்தம்தான்.

நடுவைப் பிடிப்பதால் என்ன லாபம்? மூன்று எண்கள் கூட்டுத் தொடர்வரிசையில் உள்ளன, கூடுதல் 27, பெருக்கல் பலன் 504. நடு எண் உடனே தெரிகிறது, 9. ஓர எண்களின் பெருக்கல் பலன் 504ஐ ஒன்பதால் வகுத்தால் கிடைக்கும் 56. அவற்றின் கூடுதல் 18. எனவே 4, 9, 14. தாளே வேண்டாம்.

இன்னும் பழைய கணக்கு ஒன்று. ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் ஆமெசு என்ற எகிப்திய எழுத்தர் படியெடுத்த பாப்பிரசுச் சுருளில் இருக்கிறது. நூறு ரொட்டிகளை ஐந்து பேருக்குக் கூட்டுத் தொடர்வரிசையில் பங்கிட வேண்டும். அதிகம் பெறும் மூவரின் மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கு, குறைவாகப் பெறும் இருவரின் மொத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். பார்த்தால் மிரட்டும். நடுவில் இருப்பவருக்கு 20 என்று சொன்னவுடன் பாதிக் கணக்கு முடிந்துவிடுகிறது. நிபந்தனைப்படி நூறை எட்டுப் பங்காக்கினால் கடைசி இருவருக்கும் சேர்த்து ஒரு பங்கு, அதாவது பன்னிரண்டரை. எல்லோருக்கும் சமமாகக் கொடுத்திருந்தால் அந்த இருவருக்கும் 40 கிடைத்திருக்கும். அதிலிருந்து குறைந்திருப்பது இருபத்தேழரை. ஒருவர் நடுவிலிருந்து ஒரு தாவல் கீழே, மற்றவர் இரண்டு தாவல் கீழே. ஆக மூன்று தாவலுக்கு இருபத்தேழரை, ஒரு தாவலுக்கு ஒன்பதும் ஆறில் ஒன்றும். மிகக் குறைவாகப் பெறுகிறவருக்கு ஒன்றும் மூன்றில் இரண்டு பங்கும்தான். பங்கீடு நியாயமா என்று அந்தச் சுருள் கேட்கவில்லை!

கடைசியாக, விடை இரண்டாகும் விந்தை. 20, 16, 12 என்று இறங்கும் வரிசையில் எத்தனை உறுப்புகளைக் கூட்டினால் 48 வரும்? இருபடிச் சமன்பாடு 3, 8 என்று இரண்டு விடைகளைத் தரும். ஒன்றை அடித்துவிடலாமா என்று பேனா துடிக்கும். அடிக்காதீர்கள். முதல் மூன்றின் கூடுதல் 48. அடுத்த ஐந்தும் 8, 4, 0, குறை 4, குறை 8. அவற்றின் நடு உறுப்பு பூச்சியம், ஆகவே மொத்தமும் பூச்சியம். எட்டு உறுப்புகளைக் கூட்டினாலும் 48தான். இதே வரிசையில் 50 கேட்டால்? கூடுதல் 20, 36, 48, 56, 60 என்று ஏறி, ஆறாவதிலும் 60ஆக நின்று, பிறகு 56, 48 என்று இறங்குகிறது. அப்புறம் இறக்கம்தான். 50 எங்கும் வருவதில்லை. அப்படி ஓர் எண்ணிக்கை கிடையாது என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம். வணக்கம்.