யார் தங்கை, யார் முறைப்பெண்?

(காட்சி: ஊட்டிக்கு அருகே ஒரு மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் சிற்றூர். புல்வெளியில் எருமைகள்.)

சித்தப்பா மகளைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்டால் நம்மில் யாரும் முகம் சுளிப்போம். மாமன் மகளையா? முறைப்பெண்தானே என்போம். மரபணுக் கணக்கில் இருவரும் ஒரே தூரம்தான். இருவருடனும் நமக்கு எட்டில் ஒரு பங்கு பொதுவானது. அப்படியானால் அந்த அருவருப்பு ரத்தத்திலிருந்து வரவில்லை. சின்ன வயதிலிருந்தே வீடு சொல்லிக்கொடுத்த முறையிலிருந்து வருகிறது.

நீலகிரித் தோடர்களும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறார்கள். மாமன் மகளும் அத்தை மகளும் மணக்க உரியவர்கள். தந்தைவழிக் குலத்துக்குள் மணம் கூடாது. தாய்வழியிலும் தனி விலக்கு உண்டு என்பதை 1930-களில் இங்கே தங்கி ஆராய்ந்த மொழியியலாளர் எமனோ விளக்கினார்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். முன்பு ஒரு பெண்ணுக்குப் பல கணவர் இருப்பது தோடர் வழக்கம். பெரும்பாலும் அவர்கள் அண்ணன் தம்பிகள்; அரிதாக வேறு குலத்தவரும் உண்டு. பிள்ளைக்குத் தகப்பன் யார்? கணவர்கள் வேறு வேறு குலம் என்றால், தகப்பன் தெரியாமல் குலம் தெரியாது. குலம் தெரியாமல் யார் தங்கை என்பதும் தெரியாது.

(காட்சி: மரத்தடி. அடிமரத்தில் வெட்டிய மாடத்தில் சிறு விளக்கு.)

பெண் கர்ப்பமாகி ஏழாம் மாத வாக்கில் சடங்கு நடக்கும். குச்சியை வளைத்துச் செய்த சின்ன வில், புல்லால் ஆன அம்பு. கணவர்களில் ஒருவன் கொடுக்க, அவள் வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு மாடத்து விளக்கைப் பார்க்கிறாள். வில் கொடுத்தவனே தகப்பன். வேறொருவன் வில் கொடுக்கும்வரை அடுத்தடுத்துப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அவனே தகப்பன்; இடையில் அவன் இறந்துபோனாலும் மாற்றமில்லை. 1901-02-இல் இங்கே ஆய்வு செய்த மானிடவியலாளர் ரிவர்ஸ் இதை விரிவாகப் பதிவு செய்தார்.

பல கணவர் என்ற ஒன்றை வைத்தே இம்மக்களை ஒழுங்கற்றவர்கள் என்று எழுதியவர்கள் உண்டு. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது என்பதை இத்தனை கவனமாக வகுத்தவர்களையா அப்படிச் சொல்வது?

ஒன்றாக வளர்ந்தவர்களிடம் ஆசை எழாது என்று 1891-இல் மானிடவியலாளர் வெஸ்டர்மார்க் சொன்னார். கூடப்பிறந்தவர்கள் விஷயத்தில் அது பொருந்தலாம். எங்கோ ஒரு மந்தில் வளர்ந்த, பார்த்தேயிராத பெண் எப்படித் தங்கை ஆனாள்? அதற்கு 1949-இல் பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் தந்த விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது: தங்கையை வெளியே கொடுத்தால்தான் வெளியிலிருந்து பெண்ணும் வரும், சம்பந்தமும் வரும். விலக்கின் மறுபக்கம் கொடுக்கல் வாங்கல்.

பல கணவர் வழக்கம் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. வில் கொடுப்பது நிற்கவில்லை. கணவன் ஒருவனே என்றாலும், அவன் கையால் அவள் வில் வாங்க வேண்டும்.