இராயனுடையது எது? ராயக்கோட்டையிலிருந்து ஒரு விளக்கம்

[காட்சி: ராயக்கோட்டை மலைக்கோட்டை. கீழே ஓசூர்–தர்மபுரி பஸ் போகிறது.]

ராயன் என்றால் அரசன். இந்த ராயன் நம் ஊர்ப் பெயரில் மட்டும் இல்லை, பழைய தமிழ் வேதாகமத்திலும் இருக்கிறான். ரோமப் பேரரசன் சீசரை நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'இராயன்' ஆக்கிவிட்டார்கள். "இராயனுடையதை இராயனுக்கும் தேவனுடையதைத் தேவனுக்கும் செலுத்துங்கள்" என்ற இயேசுவின் வசனம் தேர்தல் காலத்தில் படும் பாடு உங்களுக்கே தெரியும். திருச்சபை அரசியல் பேசக்கூடாது என்பவரும் அதைத்தான் எடுக்கிறார், ஆள்பவருக்கு அடங்கி நட என்பவரும் அதைத்தான் எடுக்கிறார்.

[திரையில்: ரோம வெள்ளிக்காசு, மிக அருகில்.]

சம்பவத்தைப் பாருங்கள். சீசருக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டு இயேசுவை மடக்கச் சிலர் வருகிறார்கள். இயேசு ஒரு காசைக் காட்டச் சொல்கிறார். அவரிடம் இல்லை, கேட்டவர்கள் மடியில் இருக்கிறது. பேரரசன் திபேரியு காலத்துத் தெனாரியம் என்ற வெள்ளிக்காசு அது. ஒரு பக்கம் அரசன் முகம், சுற்றிலும் 'தெய்வமான அகுஸ்துவின் மகன்' என்ற எழுத்து. எருசலேம் ஆலய வளாகத்துக்குள் இதை வைத்துக்கொண்டு பக்தி பேசியவர்களிடம்தான், அவன் காசை அவனிடமே கொடுங்கள் என்கிறார். இதைக் கீழ்ப்படிதல் பாடம் என்று எப்படிச் சொல்கிறார்களோ! எனக்குச் சுருக்கென்ற குத்தலாகத்தான் கேட்கிறது.

பின்னாளில் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 313இல் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தான். 325இல் ஆயர்களை நிசேயாவில் கூட்டியவனும் அவன்தான். அப்போது அவன் திருமுழுக்குக்கூடப் பெறவில்லை. 380இல் பேரரசன் தியோடோசியஸ் அந்த விசுவாசத்தையே அரச மதமாக்கினான். ஐந்தே ஆண்டில், பிரிசில்லியன் என்ற ஆயர் தலையை இழந்தார். சபைக்குள் தொடங்கிய கொள்கைச் சண்டையைச் சக ஆயர்கள் பேரரசின் மேற்குப் பகுதியை ஆண்ட மாக்சிமஸிடம் கொண்டுபோனதன் விளைவு அது. இன்றைய பிரான்சிலுள்ள தூர் நகர ஆயர் மார்ட்டின் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை.

[காட்சி: மீண்டும் கோட்டை மதில்.]

இந்தக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை 1791இல் பிடித்தது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் இந்தச் சுற்று வட்டாரமான பாராமகால் முழுவதையும் திப்பு விட்டுக்கொடுத்தார். வெள்ளைக்காரன் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் பைபிளுமாக வந்தான் என்று நம் ஊர்த் திண்ணைகளில் சொல்வார்கள். உண்மையில் கம்பெனிக்குப் பைபிள் தலைவலி. ஊர் கொந்தளித்தால் வியாபாரம் கெடும் என்று மிஷனரிகளைத் தள்ளியே வைத்தது. 1793இல் வந்த ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி, கல்கத்தா அருகே டேனியர் வசமிருந்த செராம்பூரில்தான் பிறகு நிலைகொள்ள முடிந்தது. 1806 வேலூர்க் கலகம் கம்பெனியின் பயத்தைக் கூட்டியது. கம்பெனியின் உரிமையைப் புதுப்பித்த 1813 சாசனச் சட்டம் வந்த பிறகே கதவு திறந்தது. கூடவே கல்கத்தாவுக்கு ஓர் ஆயர், அரசுச் சம்பளத்தில்!

[காட்சி: இ-சேவை மையம். சாதிச் சான்றிதழ் விண்ணப்பம்.]

இன்றைய இராயனின் முத்திரை காசில் இல்லை, இந்தத் தாளில் இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் வழி விட்டார்கள். கிறிஸ்தவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த, கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் ஒருவர், பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை தனக்குக் கிடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் பழைய இழிவு அதே அளவில் தொடர்கிறது என்று காட்டப்படவில்லை என 1985இல் மனு தள்ளுபடியானது. கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவர்கள் இதே தமிழ்நாட்டில் உண்டு. அந்தச் சுவரைப் பற்றி, இராயனுக்கு முன்பே பேசியிருக்க வேண்டியவர்கள் நம் பீடங்களில் நின்றவர்கள்.