பார்க்கப் பார்க்க வளரும் சந்தேகம்

நேயர்களுக்கு வணக்கம்.

கேஸ் ரெகுலேட்டரை மூடினோமா என்ற சந்தேகம் எல்லார் வீட்டிலும் வரும். ஒருமுறை எழுந்துபோய்ப் பார்ப்போம், வந்து படுப்போம், தூங்கிவிடுவோம். எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓ.சி.டி. இருப்பவருக்குப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதே அடுத்த சந்தேகம் கிளம்பிவிடும். "அதான் பார்த்தாச்சே!" என்று வீட்டார் கோபப்படுவார்கள். பார்த்ததுதான் இங்கே சிக்கலே.

2003-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், இந்த நோய் இல்லாதவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பை 20 தடவை சரிபார்க்கச் சொன்னார்கள். ஞாபகம் பிசகவில்லை. ஆனால் அந்த ஞாபகத்தின் தெளிவும், அதன்மேல் இருந்த நம்பிக்கையும் சரிந்துவிட்டன. ஆகவே இவர்களுக்கு மறதி என்று நினைத்து வல்லாரை வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை.

சரிபார்த்ததும் பதற்றம் சற்றுத் தணிகிறது. பார்த்ததால்தான் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் பலமாகப் பார்க்கச் சொல்கிறது.

இந்தக் கண்ணியை அறுக்கும் சிகிச்சைக்கு 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் வழி திறந்தார். பயத்தைத் தூண்டும் சூழலுக்குள் போக வேண்டும். ஆனால் வழக்கமான சடங்கை, அதாவது திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது போன்றவற்றைச் செய்யக் கூடாது. முதலில், பயம் தரும் சூழல்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவார்கள். 30, 40 அளவில் இருப்பதிலிருந்து தொடங்குவார்கள். ரெகுலேட்டரை ஒரே தடவை மூடிவிட்டு வெளியே நடக்க வேண்டும். பதற்றம் ஏறும், ஏறட்டும். அது பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. திரும்பிப் பார்க்காமலேயே அதைத் தாங்க முடிகிறது என்பதை மூளை கற்றால் போதும்.

பலருக்கு இது பலிக்காமல் போவது எங்கே தெரியுமா? கால் திரும்பிப் போகாது. ஆனால் மூடிய குமிழைப் போனில் படம் எடுத்து வைத்திருப்பார்கள், அல்லது மனதுக்குள் அந்தக் காட்சியை ஓட்டிப் பார்ப்பார்கள். இரண்டும் சரிபார்ப்புத்தான். "மூடியாச்சுல்ல?" என்று மனைவியிடம் கேட்பதும் அப்படியே. அன்பினால் சொல்லும் "ஆமாங்க, மூடியாச்சு" நோய்க்குத்தான் தீனி. இருவரும் முன்கூட்டியே பேசி ஒத்துக்கொண்டு, "இது ஓ.சி.டி. கேட்கிற கேள்வி, நான் பதில் சொல்லல. ஆனா உங்க பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லலாம். திடீரென்று பதிலை நிறுத்துவது கொடுமை.

மருந்தும் உதவும். ஃப்ளூவாக்செடின், செர்ட்ராலின் போன்றவை வேலை செய்ய 8 முதல் 12 வாரம் ஆகலாம். இரண்டு வாரத்தில் "கேட்கவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நாளில் ஒரு மணி நேரத்துக்குமேல் இந்த எண்ணங்களும் சடங்குகளும் விழுங்கினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். கைக்குழந்தையைக் காயப்படுத்திவிடுவேனோ, சாமி முன்னால் கெட்ட வார்த்தை வந்துவிடுமோ என்ற எண்ணங்களை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இத்தகைய எண்ணங்கள் நோயில்லாத பெரும்பாலோருக்கும் வந்து போவதை 1978-லேயே ஆய்வில் கண்டிருக்கிறார்கள். எண்ணம் வருவதால் அது உங்கள் விருப்பமாகிவிடாது. எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.