கேட்டனை ஆயின்: தூக்குமேடையின் கடைசி நிமிடங்கள்

அவையோர்க்கு வணக்கம். பள்ளி விட்டு நேரே இங்கு வந்து உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

நம் சினிமாவில் எத்தனை முறை பார்த்திருப்போம். கதாநாயகன் கழுத்தில் கயிறு, முகத்தில் கறுப்புத் துணி. சிறை வாசலில் ஜீப் வந்து நிற்கிறது. ஒருவர் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தபடி "நிறுத்துங்கள்!" என்று ஓடி வருகிறார். சின்ன வயதில் அந்த இடத்தில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது பார்த்தால் வேறு ஒரு கேள்வி வருகிறது. அந்தக் காகிதம் நேற்றே ஏன் வரவில்லை?

இந்தக் காட்சி சினிமா கொண்டுவந்தது இல்லை. புறநானூற்றின் 46ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். சோழன் கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் பிள்ளைகளைப் பிடித்து வந்துவிட்டான். யானைக் காலில் இடப் போகிறான். மன்றம் கூடியிருக்கிறது, யானை நிற்கிறது, பிள்ளைகள் நிற்கிறார்கள். அப்போது கோவூர் கிழார் வாய் திறக்கிறார். மொத்தம் எட்டே அடி.

"நீ யார்? ஒரு புறாவின் துயரைத் தீர்த்தவன் மரபில் வந்தவன். இவர்கள் யார்? புலவர்கள் வாடக்கூடாது என்று தம்மிடம் உள்ளதைப் பகுத்து உண்பவர்களின் பிள்ளைகள்" என்கிறார். அடுத்து வருவதுதான் என் நெஞ்சை ஒவ்வொரு முறையும் பிசைகிற இடம். "களிறுகண்டு அழூஉம் அழாஅல் மறந்த புன்தலைச் சிறாஅர்." அழுதுகொண்டிருந்த குழந்தைகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டார்களாம். தங்களைக் கொல்ல நிறுத்தியிருக்கும் யானையை வேடிக்கை பார்க்கிறார்கள்! யானை பார்த்த எந்தக் குழந்தைதான் அழும்? பிறகு கூட்டத்தைப் பார்த்து மருள்கிறார்கள். இதுவரை அறியாத புதுத் துன்பம் ஒன்று அவர்கள் முகத்தில் தெரிகிறது.

இவ்வளவு சொன்ன புலவர் "விட்டுவிடு" என்று கேட்கவே இல்லை. "கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே." கேட்டுவிட்டாய் அல்லவா, இனி உன் விருப்பம்போல் செய். பாட்டு அதோடு நிற்கிறது. அரசன் என்ன செய்தான் என்று பாட்டில் இல்லை. அடிக்குறிப்புதான் சொல்கிறது: கோவூர் கிழார் "பாடி உய்யக் கொண்டது", அதாவது பாடிக் காப்பாற்றியது. அடுத்த பாட்டிலும் அவரே. இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று நினைத்து நெடுங்கிள்ளி கொல்லப் போகிறான். அங்கும் பாடி உய்யக் கொள்கிறார். ஓர் ஆள் உயிரோடு இருக்க, பக்கத்தில் பேசத் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும். பேசினால் காது கொடுக்கிற ஒருவர் எதிரே இருக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

இதன் மறுபக்கம் சிலப்பதிகாரம். கோவலன் கொலையுண்டது நம் எல்லோருக்கும் தெரியும். அவன் தப்பிக்க இருந்த ஒரு கணத்தை நாம் கவனிப்பதில்லை. கொலைக்களக் காதையில், பொற்கொல்லன் கூட்டி வந்த காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். "கொலைப்படு மகன் அலன்" என்கிறார்கள். இவனைப் பார்த்தால் கொல்லத் தக்கவனாகத் தெரியவில்லையே! அந்த ஒரு வரியில் கதவு லேசாகத் திறக்கிறது. உடனே பொற்கொல்லன் சிரித்து, மந்திரம், தெய்வம், மருந்து என்று கள்வர்களின் தந்திரங்களை அடுக்குகிறான். ஒரு காவலன் தான் முன்பு கண்ட கள்வன் கதையைச் சொல்கிறான். அத்தனை பேர் பேசுகிறார்கள். கோவலனை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே "கல்லாக் களிமகன்" ஒருவன் வாளை வீசிவிட்டான். கண்ணகி பாண்டியனைக் கொடியவன் என்றோ கொலைகாரன் என்றோ அழைக்கவில்லை. "தேரா மன்னா" என்றாள். தேர்ந்து பாராதவனே, விசாரிக்காதவனே. குற்றப் பத்திரிகை முழுவதும் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது.

இனி ருஷ்யாவுக்குப் போவோம். 1849 டிசம்பர் 22, அவர்களுடைய அந்நாள் நாட்காட்டிப்படி. பீட்டர்ஸ்பர்க், செம்யோனோவ் சதுக்கம், உறைபனி. எட்டு மாதம் கோட்டைச் சிறையில் இருந்தவர்களைக் கொண்டுவந்து நிறுத்தி மரண தண்டனையை வாசிக்கிறார்கள். வெள்ளை அங்கி மாட்டுகிறார்கள். முத்தமிடச் சிலுவையை நீட்டுகிறார்கள். முதல் மூவரைக் கம்பத்தில் கட்டியாயிற்று. வரிசையில் ஆறாவது ஆள் 28 வயது எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி. அவர்மேல் இருந்த முக்கியமான குற்றச்சாட்டு, தடைசெய்யப்பட்ட ஒரு கடிதத்தை நண்பர்கள் நடுவே உரக்கப் படித்தது!

துப்பாக்கிகள் உயர்ந்தன. அப்போது முரசு ஒலித்தது. மன்னர் மன்னித்துவிட்டாராம், சைபீரியாவில் கடுங்காவலாம். இந்த மன்னிப்பு முன்பே முடிவான ஒன்று. யார் எங்கே நிற்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் ஜார் முதலாம் நிக்கோலஸின் ஏற்பாடு. அதைக் கருணை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கம்பத்தில் கட்டப்பட்ட மூவரில் ஒருவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து 'அசடன்' நாவலில் கதாநாயகன் மிஷ்கினின் வாயால் அந்த நிமிடங்களைத் தஸ்தயேவ்ஸ்கி சொல்கிறார். கைதி ஒருவன் சாக இன்னும் ஐந்து நிமிடம். தோழர்களிடம் விடைபெற இரண்டு, தன்னைப் பற்றி யோசிக்க இரண்டு, மிச்சம் கடைசியாகச் சுற்றிப் பார்க்க. வெயிலில் மின்னும் தேவாலயக் கூரையை அவன் வெறித்துப் பார்க்கிறான். பிழைத்தால் ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்க மாட்டேன் என்று நினைக்கிறான். பிழைத்த பிறகு அப்படியே வாழ்ந்தானா? இல்லை, நிறைய நிமிடங்களை வீணாக்கினான் என்கிறார் மிஷ்கின். இதை எழுத அங்கே நின்றவரால்தான் முடியும்.

நம் நாட்டுக்கு வருகிறேன். உத்தரப் பிரதேசத்தில் ஒரே கொலை வழக்கு, ஒரே சாட்சியம், மூன்று பேருக்குத் தூக்கு. ஒருவருடைய தண்டனையை 1977இல் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. மற்ற இருவருக்கும் 1981 அக்டோபர் 6 என்று நாள் குறித்தார்கள். ஒருவர் மனுப்போட்டுத் தடை வாங்கினார். இன்னொருவர் போடவில்லை. அவரை அன்று தூக்கிலிட்டார்கள். தடை வாங்கியவரின் வழக்கு விசாரணைக்கு வந்தபோதுதான், மூன்றாமவருக்கு நான்கு ஆண்டு முன்பே தண்டனை குறைந்திருந்த சேதியை யாரும் எடுத்துச் சொல்லாமல் விட்டது தெரியவந்தது. ஒரே குற்றம் செய்த மூவரில் ஒருவர் மட்டும் செத்துப்போனார்.

2014 செப்டம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்றைச் சொன்னது. தூக்கு வழக்குகளில் தீர்ப்பை மறுபடி பாருங்கள் என்று கேட்கும் சீராய்வு மனுவை நீதிபதிகள் தங்கள் அறையில் காகிதமாகப் படித்து முடித்துவிடக் கூடாது, திறந்த நீதிமன்றத்தில் வாதத்தைக் காதால் கேட்க வேண்டும். அதற்கு அரைமணி நேரம். ஓர் உயிருக்கு அரைமணி! அதுவும் சுதந்திரம் வந்து 67 ஆண்டுக்குப் பிறகு. ஒரு வாரம்கூட ஆகவில்லை, குழந்தைகள் கொல்லப்பட்ட நிதாரி வழக்கில் மீரட் சிறையில் தூக்குக்குக் காத்திருந்தவருக்காக வழக்கறிஞர்கள் நள்ளிரவில் நீதிபதியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தடை கிடைத்தது. அடுத்த ஆண்டு தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2023இல் மற்ற வழக்குகளிலிருந்தும், 2025 நவம்பரில் எஞ்சியிருந்த அந்த வழக்கிலிருந்தும் அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். கொல்லப்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அந்த இரவு கதவு திறக்காமல் போயிருந்தால், பதில் கிடைத்துவிட்டது என்று ஊர் நம்பியிருக்கும்.

கடைசியாக, நம் கண் முன்னே நடந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு செத்தவர்களின் வீடுகளில் இருக்கும் துக்கத்தை நான் ஒரு துளியும் குறைத்துப் பேசவில்லை. அந்தக் கொலை வழக்கில் பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவருக்கும் வேலூரில் 2011 செப்டம்பர் 9 என்று தூக்கு நாள் குறித்தார்கள். கருணை மனு 11 ஆண்டு கிடந்த பிறகு குறித்த நாள். ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து இறந்தாள். அந்தச் சாவை நான் போற்ற மாட்டேன், அவள் உயிரோடு இருந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எட்டு வாரம் தடை கொடுத்தது. 2014 பிப்ரவரி 18 அன்று தாமதத்தைக் காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் மூவரின் தூக்கையும் ரத்து செய்தது.

தடை வந்து இரண்டு ஆண்டு கழித்து, 2013இல், பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி, ஓய்வு பெற்ற பின் ஒன்றைச் சொன்னார். இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்ததாக எழுதிக்கொண்டார்கள். அவை எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதை எழுதவில்லை. சொன்னார். காதில் விழுந்தது. காகிதத்தில் ஏறவில்லை. 2011 செப்டம்பர் 9 அன்று அந்தத் தூக்கு நடந்திருந்தால், அந்த அதிகாரி பிறகு யாரிடம் போய் இதைச் சொல்லியிருப்பார்?

19 வயதில் போலீஸ் பிடித்துக்கொண்டு போன மகனுக்காக அற்புதம்மாள் முப்பது ஆண்டுக்கு மேல் சிறை வாசலுக்கும் நீதிமன்ற வாசலுக்கும் நடந்தார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவர் மகனை விடுதலை செய்தது. அன்று ஜோலார்பேட்டை வீட்டில் பேரறிவாளன் பறை இசைத்தார். அம்மா பக்கத்தில் இருந்து கேட்டார்.