துட்டு வந்த வழி: திருகோணமலையில் அடித்த செப்புக்காசு

[திரையில்: உள்ளங்கையில் ஒரு செப்புக்காசு. பின்னால் டச்சு பே கடற்கரை.]

வணக்கம். இது ஒரு ஸ்டைவர். ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசு. வட்டம் சரியாக இல்லை, விளிம்பும் கோணல்மாணல். ஆனால் நல்ல தடிப்பு, கையில் வைத்தாலே கனம் தெரியும். ஒரு பக்கத்தில் பெரிய 'வி', அதன் இரண்டு கால்களிலும் 'ஓ'வும் 'சி'யும் பின்னிக் கிடக்கின்றன. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை அது. அதற்கு மேலே தனியாக ஒரு 'டி' எழுத்து தெரிகிறதா? அந்த 'டி' எங்கள் ஊர், திருகோணமலை. கொழும்பில் அடித்த காசென்றால் அந்த இடத்தில் 'சி' இருக்கும். காலிக்கு 'ஜி', யாழ்ப்பாணத்துக்கு 'ஐ'.

கடல் கடந்து வியாபாரத்துக்கு வந்த ஒரு கம்பெனி, கோட்டையும் துறைமுகமுமாக இருந்த இந்த ஊரில் ஏன் காசு அடித்தது? இதைச் சொல்ல முதலில் நாம் தினமும் சொல்லும் ஒரு சொல்லுக்குப் போக வேண்டும்.

[திரையில்: 'துட்டு' என்ற சொல்.]

'கையில் துட்டு இல்லை' என்கிறோமே, அந்தத் துட்டு ஒல்லாந்தரின் 'டொய்ட்' என்ற சின்னச் செப்புக்காசின் பெயர். ஒல்லாந்தில் 8 துட்டு சேர்ந்தால் ஒரு ஸ்டைவர். அதே துட்டு கப்பலேறிக் கம்பெனியின் ஆசியத் துறைமுகங்களுக்கு வந்தால் 4 துட்டுக்கே ஒரு ஸ்டைவர் என்று கணக்கு. ஊரில் ஒரு பை துட்டை வாங்கிப் பெட்டிக்கடியில் ஒளித்துக் கொண்டுவரும் மாலுமிக்கு, கரையில் கால் வைத்ததும் பணம் இரட்டிப்பு! கம்பெனி இதைக் கண்டுகொண்டது. 1726இலிருந்து தன் முத்திரை போட்ட தனித் துட்டுகளை அடிக்க வைத்தது. அவை ஆசியாவில் மட்டுமே செல்லும், ஒல்லாந்தில் செல்லாது. மாலுமியின் பைக்குப் போன லாபம் இப்போது கம்பெனியின் கணக்குக்கு வந்தது.

நாணயம் அடிப்பதில் உள்ள வருமானம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. உலோகத்தின் விலை ஒன்று, காசின் முகத்தில் எழுதிய மதிப்பு வேறொன்று. விளங்குவதற்காக நானே ஒரு கணக்குப் போடுகிறேன். 60 ஸ்டைவருக்குச் செம்பு வாங்குகிறோம் என்று வையுங்கள். கரி, அச்சு, சுத்தியல் பிடிப்பவரின் கூலி எல்லாம் சேர்த்து 10. அந்தச் செம்பிலிருந்து 100 ஸ்டைவர் அடித்தால் 30 ஸ்டைவர் மிச்சம். எங்கிருந்து வந்தது அந்த 30? செம்பு விளையவில்லை, வியாபாரமும் நடக்கவில்லை. அந்தக் காசை வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்களிடமிருந்துதான் வந்தது. கோட்டைச் சிப்பாய்க்குச் சம்பளம் அதில். கூலியாளுக்குக் கூலி அதில். அவர்களிடமிருந்து மீனும் அரிசியும் விற்பவர் கைக்கு அது வந்து சேரும். மறுக்க வழியில்லாத இடத்தில்தான் இந்தக் கணக்கு பலிக்கும். குடியேற்ற ஆட்சி அப்படிப்பட்ட இடம்தானே.

சரி, வெள்ளியில் அடித்திருக்கலாமே? வெள்ளிக்கும் தங்கத்துக்கும் எந்தக் கரையிலும் மதிப்பு உண்டு. இலங்கைக்கு அரிசியும் துணியும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தன. அவற்றுக்கு விலையாக வராகன் என்ற தங்கக்காசும் வெள்ளி ரூபாயும் அந்தப் பக்கமே போய்விடும். செப்பு ஸ்டைவரோ அக்கரை போனால் வெறும் செம்பு, எழுதிய மதிப்பு அங்கே கிடைக்காது. அதனால் அது ஊரை விட்டுப் போகாது. வெளியே விலைபோகாததுதான் ஆட்சியாளருக்கு அதன் நல்ல குணம்.

இனித் திருகோணமலைக்கு வருவோம்.

[திரையில்: பிரெட்ரிக் கோட்டை வாசல்.]

1782ஆம் ஆண்டை நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கும். சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். ஆகஸ்டில் சுஃப்ரனின் பிரெஞ்சுக் கடற்படை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தது. ஒரே ஆண்டில் மூன்று கொடி. ஆங்கிலேயருக்கும் ஒல்லாந்தருக்கும் நடந்த போர் முடிந்த பிறகு கோட்டை மறுபடியும் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. ஆனால் அந்தப் போர் கம்பெனியின் கப்பல்களையும் கஜானாவையும் நொடிக்க வைத்துவிட்டது. ஐரோப்பாவிலிருந்து காசு வருவது நம்பிக்கையில்லாத காரியமாயிற்று. கொழும்பிலிருந்து அனுப்பலாம்தான். ஆனால் செப்புக்காசு கனம் அதிகம், மதிப்பு குறைவு. வாடைக் காற்று தொடங்கினால் கிழக்குக் கரைக்குக் கப்பல் வருவதே பெரும்பாடு. சிப்பாயின் வயிறு காற்று மாறும்வரை காத்திருக்குமா? இங்கேயே அடித்தால் அந்தத் தொல்லை இல்லை. 'டி' போட்ட காசுகள் அந்தப் போருக்குப் பிந்திய ஆண்டுகளுக்கு உரியவை.

செம்பு எங்கிருந்து? கம்பெனி ஜப்பானிலிருந்து செம்பைக் கட்டிகளாக வாங்கி ஆசியா முழுதும் விற்றுவந்தது. 1785இல் கொழும்பில் செப்புக் கட்டியையே துண்டாக வெட்டி, இரு முனையிலும் முத்திரை குத்திக் காசாக விட்டார்கள். ஒவ்வொன்றும் நாலே முக்கால் ஸ்டைவர்! செம்பை எடை போட்டு விலை கட்டினால்தான் இப்படி முக்கால் வந்து நிற்கும். அவசரம் எவ்வளவு என்று அந்த முக்காலே சொல்கிறது. அப்புறம் செம்பும் போதவில்லை. அதே 1785இல், ஆளுநர் வான் டி கிராப் காலத்தில், கடன் சீட்டு என்று காகிதப் பணம் வெளியிட்டார்கள். உலோகச் செலவே இல்லாத காசு. ஆனால் தாளை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம் என்ற ஆசை வந்தால் அதன் மதிப்பு சரியும், விலைவாசி ஏறும். செம்புக்கு அந்த ஆசையில் ஒரு கடிவாளம் உண்டு, அடிக்க முதலில் செம்பு வேண்டுமே.

1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் மறுபடி வந்து கோட்டையைப் பிடித்தார்கள். 'டி' காசு அத்தோடு நின்றது, கணக்கு முறை நிற்கவில்லை. 4 ஸ்டைவர் சேர்ந்தால் 'பணம்' என்ற ஒரு அலகு, 12 பணம் சேர்ந்தால் ரிக்ஸ்டாலர் என்ற பெரிய அலகு என்று அவர்களும் எண்ணினார்கள். யானை உருவம் போட்டு, ரிக்ஸ்டாலரில் 48இல் ஒரு பங்கு என்ற செப்புக்காசையும் விட்டார்கள். அது பழைய ஸ்டைவரேதான், பெயர்தான் வேறு. ரிக்ஸ்டாலரின் மதிப்போ தேய்ந்துகொண்டே போனது. 1825இல் அதை ஒன்றரைச் சில்லிங், அதாவது 18 பென்ஸ் என்று கட்டிவைத்து, பவுன் கணக்குக்கு மாறினார்கள்.

அதற்குப் பிறகு 1828இல் லண்டனில் அரை ஃபார்திங் என்ற பொடிக்காசை இலங்கைக்கென்றே அடித்து அனுப்பினார்கள். ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. அவ்வளவு சின்னக் காசு ஏன் தேவைப்பட்டது? இங்கே சந்தையில் ஒரு கட்டுக் கீரையின் விலைக்கு இங்கிலாந்தின் ஃபார்திங்கே பெரிய காசாக இருந்தது.

[திரையில்: மீண்டும் உள்ளங்கை. காசு மெதுவாகத் திரும்புகிறது.]