கள்ளனின் புது முகம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவப் பேராசிரியர்களே, என்னை அறிஞர் என்று அறிமுகப்படுத்திய செயலாளர் அவர்களே (நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது), அனைவருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன். இன்ஃப்ளூயன்சா வைரஸின் மேலே துருத்தி நிற்கும் ஹீமக்ளூட்டினின் புரதம், அதன் கூட்டாளி நியூராமினிடேஸ், அப்புறம் பறவை, பன்றி வைரஸ்களோடு அது நடத்தும் மரபணுப் பண்டமாற்று.

கள்ளன் பெரியவனா, காப்பான் பெரியவனா என்பார்கள். நம் செல்லை வைரஸ் பற்றிக்கொள்வது ஹீமக்ளூட்டினினால்தான். கிருமியை எதிர்க்க நம் உடல் செய்யும் எதிர்ப்பொருள்கள்தான் காப்பான்; அவை பெரும்பாலும் அதன் தலையைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண்கின்றன. ஆனால் இந்த வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது பிழை திருத்துவதில்லை. பெரும்பாலான பிழைகள் அதற்கே கேடு. ஒன்றிரண்டு முகத்தை மாற்றிவிடும். 1968இல் பரவிய எச்3என்2 என்ற இன்ஃப்ளூயன்சா வகையின் தலையில் சர்க்கரை மூலக்கூறுகள் கொஞ்சம்தான். அதன் இன்றைய வாரிசுகள் அந்தச் சர்க்கரையாலேயே முக்காடு போட்டுக்கொண்டு திரிகின்றன!

சரி, 1918இல் உலகெங்கும் கொள்ளைநோயாக வந்த இன்ஃப்ளூயன்சா கள்ளனின் முகம்? அலாஸ்காவின் பிரெவிக் மிஷன் கிராமத்தில் அப்போது ஐந்தே நாளில் 72 பேர் செத்தார்கள். உறைந்த மண்ணில் புதைத்தார்கள். 1951இல் யோகான் ஹல்டின் என்ற மாணவர் போய், தீ மூட்டி மண்ணை இளக்கி, நுரையீரல் துண்டுகளை எடுத்துவந்தார். ஆய்வகத்தில் வைரஸ் வளரவில்லை. மனுஷன் மறக்கவில்லை. 46 ஆண்டு கழித்து, எழுபது தாண்டிய வயதில், சொந்தக் காசில் மறுபடி போனார். கையில் என்ன கருவி தெரியுமா? மனைவியின் தோட்டக் கத்தரிக்கோல்! பருமனான ஒரு பெண்ணின் உடலில், கொழுப்பு காத்துவைத்த நுரையீரல் கிடைத்தது. 1999இல் ஹீமக்ளூட்டினின் மரபணு வரிசை வெளியானது.

2009இல் பரவிய எச்1என்1 என்ற வகையின் தலையும் அந்த 1918 தலையும் ஒரே ஜாடை. அதனால்தான் அந்த ஆண்டு, சிறுவயதில் அதே ஜாடையைச் சந்தித்திருந்த முதியவர்கள் பலருக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. கள்ளன் பெரியவனா, காப்பான் பெரியவனா? முகம் தெரிந்தால் காப்பான் பெரியவன்!

தடுப்பூசி என்பது காப்பானிடம் காட்டும் புகைப்படம். உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி, எந்த முகம் என்று பரிந்துரைக்கிறது. போன வருஷப் படத்தை வைத்துக்கொண்டு இந்த வருஷக் கள்ளனைத் தேடலாமா? எல்லா வேலையிடங்களிலும் ஆண்டுதோறும் இலவசமாகப் போட வேண்டும் என்று நான் கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றிவிட்டது.

நியூராமினிடேஸ் பற்றி... தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். பன்றியும் அடுத்த கூட்டத்துக்குத்தான். வாசலில் இலவசத் தடுப்பூசி கேட்கும் மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா நான் தருகிறேன்.